பால்புதுமையர் தேவை

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் படம் எடுப்பவர் வந்துவிடுவார். திங்கட்கிழமை மதியம் ஆகியும் கிளை மேலாளரின் கையில் ஆள் இல்லை.

தலைமை அலுவலகத்துச் சுற்றறிக்கை தெளிவாகத்தான் இருந்தது. வானவில் மாதத்தை முன்னிட்டு, கடையின் ஒவ்வொரு கிளையிலும் வேலை பார்க்கும் பால்புதுமையர் ஒருவரைப் படம் எடுத்து, ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி, 'பெருமையோடு நான்' என்ற வரியோடு வாசலில் நிறுத்தப் போகிறார்கள். ஆணை விரும்பும் ஆண், பெண்ணை விரும்பும் பெண், பிறந்தபோது சொல்லப்பட்ட பாலுக்குள் அடங்காதவர் என எல்லாரையும் சேர்த்துச் சொல்லும் மரியாதையான சொல் அது என்று அடிக்குறிப்பில் விளக்கமும் இருந்தது. அப்படி ஒருவர் கிளையில் இல்லாவிட்டால் என்ன செய்வது என்பது மட்டும் எங்கும் இல்லை.

மேலாளர் எந்தச் சுற்றறிக்கையையும் மீறியவரில்லை. ஊழியர்கள் முதுகுக்குப் பின்னால் அவருக்கு வைத்திருந்த பெயரே 'சுற்றறிக்கை'தான். வானவில்லை ஒட்டச் சொன்னார்கள், ஒட்டினார். சலவைத்தூள், முட்டை அட்டை, வெங்காயப் பை, கழிவறை கழுவும் திரவம் என்று தொடங்கிக் கரப்பான் மருந்து வரைக்கும் பட்டை பட்டையாக நிறம் போய்ச் சேர்ந்தது.

வாடிக்கையாளர்களுக்கு முதல் வாரமே அலுத்துவிட்டது. ஒருவர் கரப்பான் மருந்தைத் தூக்கிக் காட்டி, இதைக் கரப்பானுக்குக் கொடுத்தால் அது பெருமைப்பட்டுச் சாகுமா என்று கேட்டார். இன்னொருவர் வானவில்லுக்கு ஏழு நிறம், இதில் ஆறுதான் இருக்கிறது, மிச்சம் ஒன்றை யார் எடுத்தது என்று எண்ணிக் காட்டிச் சண்டை போட்டார். தலையை ஒட்ட வெட்டியிருந்த ஒரு பெண் கல்லாவில் பொறுமையாகச் சொன்னாள்: "எனக்காகத்தான் இதை ஒட்டியிருக்கீங்கன்னா, தயவுசெஞ்சு எடுத்துடுங்க. நான் பாத்திரம் தேய்க்கிற பவுடர் வாங்கத்தான் வந்தேன்."

இந்தப் பேச்செல்லாம் முதலில் வந்து விழுவது முதல் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அம்மாவின் மேல். பதினோரு வருஷமாக அதே நாற்காலி. எல்லாவற்றையும் சிரித்த முகமாக வாங்கிக்கொண்டு, மாலையில் ஒரே மூச்சில் மேலாளரிடம் ஒப்பித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

ஆள் தேடுவதற்கு மேலாளர் கண்டுபிடித்த வழி, சாப்பாட்டு அறைச் சுவரில் ஓர் அறிவிப்பு. 'நம் கிளையில் பால்புதுமையர் எவரேனும் இருப்பின், தயங்காமல் மேலாளரைத் தனியே சந்திக்கவும்.' அடிக்குறிப்பையும் சேர்த்து ஒட்டியிருக்கலாம். நாலு பேர் சோறு தின்கிற இடத்தில் அதை ஒட்ட அவருக்குக் கூச்சமாக இருந்தது. விட்டுவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை, பால் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவர் தயங்கித் தயங்கி அறைக்குள் வந்தார். குளிர்பெட்டிக்குப் பின்னால் நின்று பால் பொட்டலங்களை அடுக்கும் மனிதர். நாற்பது வயது, கூச்ச சுபாவம். மேலாளர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, எதிரே உட்காராமல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். இப்படிப்பட்ட நேரத்தில் நடுவில் மேசை இருக்கக்கூடாது என்று எங்கோ படித்திருந்தார்.

"எவ்வளவு நாளா?" என்றார் மெதுவாக.

"ஆறு மாசமா சார். அதுக்கு முன்னாடி தயிர்ல இருந்தேன்."

இது அவர்களுக்குள் புழங்கும் பேச்சு போலிருக்கிறது என்று மேலாளர் மரியாதையாகத் தலையாட்டினார்.

"வீட்ல தெரியுமா?"

"அவதான் சார் அனுப்பிச்சா. எத்தனை நாளைக்குப் பின்னாடியே ஒளிஞ்சு நிப்பீங்க, புதுசா ஒண்ணு வருதுன்னா தைரியமா முன்னாடி போய் நில்லுங்கன்னு சொன்னா."

மேலாளருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படியும் ஒரு மனைவியா என்று நினைத்துக்கொண்டார். பால்காரரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கி, கம்பெனி உங்கள் பக்கம் நிற்கும் என்றார். ஏதோ புதுப் பால் அறிமுகமாகிறது, அதற்குத் தன்னைப் பொறுப்பாளர் ஆக்கிவிட்டார்கள் என்ற மகிழ்ச்சியில் பால்காரரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஐந்து நிமிஷத்தில் பெயர் தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டது.

தலைமை அலுவலகம் இந்த மாதிரி விஷயத்தில் மட்டும் படு சுறுசுறுப்பு. மறுநாள் விடிந்ததும் பால்காரர் வீட்டு வாசலில் ஒரு பூங்கொத்து வந்து இறங்கியது. கூடவே ஓர் அட்டை. 'இத்தனை காலம் மறைத்து வைத்திருந்த உண்மையை வெளியே சொன்ன உங்கள் துணிவுக்குத் தலைவணங்குகிறோம். ஓர் ஆண்துணையோடு நீங்கள் நிம்மதியாக வாழ எங்கள் வாழ்த்துகள்.'

பால்காரர் மனைவி அந்த அட்டையை மூன்று முறை படித்தாள். பிறகு பூங்கொத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, புருஷனை முன்னால் நடக்கவிட்டு, நேரே கடைக்கு வந்துவிட்டாள்.

மேலாளர் தன் அறையில் விளக்கம் சொல்லி முடிக்க அரைமணி நேரம் ஆயிற்று. பால் என்றால் இந்தப் பால் இல்லை, அந்தப் பால் என்று அவர் கையை ஆட்டிச் சொல்லச் சொல்ல அவளுக்குக் கோபம் ஏறியதே தவிர இறங்கவில்லை. கடைசியில் அடிக்குறிப்பை எடுத்துக் காட்டிய பிறகுதான் ஓய்ந்தாள். ஓய்ந்ததும் அழுதாள்.

"பதினாறு வருஷம் கூட வாழ்ந்திருக்கேன். ஒரு அட்டையைப் பாத்துட்டு இந்த மனுஷனை ராத்திரி பகலாத் தெரிஞ்ச நானே சந்தேகப்பட்டுட்டேனே சார்" என்றாள்.

புதுப் பால் இல்லை என்பதுதான் பால்காரருக்குப் பெரிய வருத்தமாக இருந்தது. இரண்டு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு மனைவியோடு போய்விட்டார்.

மேலாளர் தலைமை அலுவலகத்தைத் தொலைபேசியில் கூப்பிட்டு, தவறு நடந்துவிட்டது, பெயரை எடுத்துவிடுங்கள் என்றார். மறுமுனையில் இருந்த அதிகாரி அம்மாள் பதறிப்போனார். வந்த ஆள் பின்வாங்குகிறார் என்றால் கிளையில் அவரை யாரோ மிரட்டியிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம், விசாரணைக் குழு அனுப்பட்டுமா என்றார். வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சியதில், வேறு ஆள் கொடுத்தால் போதும், முன்பு வேலை பார்த்தவராக இருந்தாலும் பரவாயில்லை என்று இறங்கி வந்தார்.

முன்பு வேலை பார்த்தவர். மேலாளர் தொலைபேசியை வைத்தார்.

அப்படி ஒருவர் இருந்தார். ரொட்டிப் பிரிவில், வாசலைப் பார்த்த மேடையில் நின்றவர். அவர் ரொட்டி அறுக்கும் அழகைப் பார்க்கவே பிள்ளைகள் வந்து நிற்கும். சாயங்காலம் வேலை முடியும் நேரத்தில் அவருடைய துணைவர், ஒரு பஸ் டிரைவர், சீருடையோடு வந்து காத்திருப்பார். இரண்டு பேரும் ஒரு குடைக்குள் போவார்கள். அவ்வளவுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு வாடிக்கையாளர், இதெல்லாம் பிள்ளைகள் வருகிற இடத்தில் தேவையா என்று மேலாளரிடம் முகம் சுளித்தார். ஒரே ஒருவர். மறுநாளே மேலாளர் ரொட்டிக்காரரைப் பின்பக்கக் கிடங்குக்கு மாற்றிவிட்டார். உங்கள் நல்லதுக்குத்தான் என்று வேறு சொன்னார். ரொட்டிக்காரர் ஏன் என்று கேட்கவில்லை. இரண்டு வாரம் மாவு மூட்டைகளை எண்ணிவிட்டு வேலையை விட்டுப் போனார்.

அவர் வீடு எங்கே என்று மேலாளர் ஒவ்வொருவராகக் கேட்டபோது, முதல் கல்லா அம்மாதான் நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்குத் தெரியும் சார். அவங்க வீட்டுக்கும் எங்க வீட்டுக்கும் போக்குவரத்து உண்டு" என்று ஒரு தாளில் முகவரியை எழுதினார். கொடுக்கும்போது கொஞ்சம் யோசித்தார். "மன்னிப்புக் கேக்கவா போறீங்க?"

மேலாளர் ஆமாம் என்பது போலவும் இல்லை என்பது போலவும் தலையை அசைத்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் கதவைத் திறந்தவர் பஸ் டிரைவர். ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டு, உள்ளே திரும்பி, உன் பழைய சார் வந்திருக்கார் என்றார். வீட்டின் பின்கட்டில் ஓர் அடுப்பு போட்டு ரொட்டிக்காரர் நாலைந்து கடைகளுக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். கையில் மாவோடு வந்து, உட்காருங்க சார் என்றார். அந்த உபசாரத்தில் ஒரு குறையும் இல்லை. அதுவே மேலாளருக்கு என்னவோ போலிருந்தது.

கொண்டுபோன பரிசை நீட்டினார். கடையில் விற்கும் வானவில் பிஸ்கட் பெட்டி. பஸ் டிரைவர் அதை வாங்கி அலமாரி மேல் வைத்தார். அங்கே அதே மாதிரி வானவில் பெட்டிகள் ஏற்கெனவே மூன்று இருந்தன. ஒன்று வங்கி கொடுத்தது, ஒன்று கைபேசிக் கடை, மூன்றாவது பல் டாக்டர்.

"இந்த ஒரு மாசம் எங்களுக்கு ராஜ மரியாதை சார்" என்றார் ரொட்டிக்காரர். "அடுத்த மாசம் இந்த வீட்டைக் காலி பண்ணணும். ரெண்டு பேரும் என்ன உறவுன்னு கேட்டுட்டு ஒன்பது வீட்டுக்காரங்க கதவைச் சாத்திட்டாங்க. அந்த ஒன்பது வீட்லயும் இந்தப் பெட்டி இருக்கும்னு நினைக்கிறேன்."

மேலாளர் வந்த விஷயத்தைச் சொன்னார். சொல்லச் சொல்ல அது எவ்வளவு கேவலமான விஷயம் என்று அவருக்கே தெரிந்தது. வாசலில் நிற்கக் கூடாது என்று அனுப்பிய ஆளை, வாசலில் அட்டையாக நிற்க வரச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். வார்த்தை வறண்டு, நடுவிலேயே நிறுத்தி, அன்றைக்கு நான் செய்தது தப்பு, என்னை மன்னிச்சுடுங்க என்றார்.

"இது எனக்கா சார், போஸ்டருக்கா?"

உங்களுக்குத்தான் என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். மேலாளர் நேர்மையாக யோசித்துப் பார்த்தார். அந்த இரண்டு வினாடியில் காரியம் கெட்டுவிட்டது.

ரொட்டிக்காரர் கோபப்படவில்லை. "எனக்கு அந்த மேடை ரொம்பப் பிடிக்கும் சார்" என்று மட்டும் சொன்னார். அப்புறம் உள்ளே போய், சூடாக ஒரு ரொட்டியை வெறும் பழுப்புக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். மேலாளர் அதை மார்போடு அணைத்தபடி நடந்தே வீடு போனார்.

வெள்ளிக்கிழமை படம் எடுப்பவர் விளக்கும் குடையுமாக வந்து இறங்கினார். அவருக்கு அன்று மட்டும் இன்னும் ஐந்து கிளை பாக்கி. ஆள் எங்கே என்றார். மேலாளர் சுற்றுமுற்றும் பார்த்தார். இன்னொரு மனிதரைப் பிடித்து இதில் மாட்டிவிட அவருக்குத் தெம்பில்லை. சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டு தானே போய் வெளிச்சத்தில் நின்றார்.

திங்கட்கிழமை காலை வாசலில் ஆளுயர மேலாளர் நின்றார். கையைக் கட்டிக்கொண்டு, ஆறு நிறப் பட்டைக்கு முன்னால், லேசாகப் பயந்த சிரிப்போடு. கீழே: 'பெருமையோடு நான்.'

அவருடைய மனைவி அதைப் பார்த்துவிட்டு, படம் எடுக்கிற அன்றைக்காவது அந்தச் சட்டையை இஸ்திரி போட்டிருக்கக் கூடாதா என்பதோடு முடித்துக்கொண்டாள். கடையில் அப்படி முடியவில்லை. தினமும் கை குலுக்கும் மருந்துக்கடைக்காரர் அன்றைக்குக் கையைப் பையிலேயே வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். ஒரு தாய் குழந்தையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றிப் பிடித்துக்கொண்டாள். யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. ஆனாலும் பத்து மணிக்குள் மேலாளருக்கு முதுகெல்லாம் வியர்த்துவிட்டது. ரொட்டிக்காரர் அந்த மேடையில் எட்டு வருஷம் நின்றிருக்கிறார் என்பது ஞாபகம் வந்தது.

ஞாபகம் வந்து என்ன, அவரால் அரை நாள்கூடத் தாங்க முடியவில்லை. பதினோரு மணிக்கு விளக்கம் சொல்லத் தொடங்கினார். சத்தியமாக நான் அப்படியில்லை, சும்மா கம்பெனிக்காக நின்றேன் என்று முதலில் மருந்துக்கடைக்காரரிடம், பிறகு அந்தத் தாயிடம், பிறகு கேட்டவர் கேட்காதவர் எல்லாரிடமும். முதல் தடவை சொன்னபோது நெஞ்சில் ஏதோ உறுத்தியது. இருபதாவது தடவை சொன்னபோது சரளமாக வந்தது. மருந்துக்கடைக்காரர் திரும்பி வந்து கை குலுக்கிவிட்டுப் போனார்.

நாலு மணிக்கு வேலை முடிந்து, முதல் கல்லா அம்மா மேலாளர் அறை வாசலில் வந்து நின்றார். சீருடையை மாற்றி, தலை வாரி, எங்கோ முக்கியமான இடத்துக்குக் கிளம்பினவர் மாதிரி இருந்தார். உள்ளே வரலாமா என்று கேட்ட குரலில் வழக்கத்தில் இல்லாத ஒரு நடுக்கம். ஆனால் முகம் மட்டும் அப்படி மலர்ந்திருந்தது.

மேலாளர் அவரை வாயைத் திறக்கவே விடவில்லை.

"என்னம்மா, நீங்களும் நம்பிட்டீங்களா? சத்தியமா நான் அப்படியில்லம்மா. சும்மா கம்பெனிக்காக நின்னேன்."

அந்த அம்மா திரும்பி, கண்ணாடிக் கதவு வழியாக வாசலை ஒரு தடவை பார்த்தார்.

"ஓ... பரவால்ல சார். நிஜம்னு நம்பி, பதினெட்டு வருஷமா என்கூடக் குடும்பம் நடத்தறவளை முதல் தடவையா உங்களுக்கு அறிமுகப்படுத்தலாம்னு கூட்டிட்டு வந்துட்டேன், வாசல்ல நிக்கறா."