மிளகாய்க் கிடங்கு மாடியில் சனி

வியாழக்கிழமை காலை அப்துல் வஹாப் சாயபுவின் மிளகாய்க் கிடங்கு திறந்து கிடந்தது. உள்ளே ஒரு பெண்கூட இல்லை. காம்பு கிள்ளும் பெண்கள் அத்தனை பேரும் தெருமுனையில், காலிக் கூடைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, கிடங்குச் சுவரையே பார்த்தபடி நின்றார்கள். சுவரில் ஒரு நோட்டீஸ் புதிதாக ஒட்டியிருந்தது.

"ராயபுரம் வான சாஸ்திர சங்கம். வரும் சனிக்கிழமை மாலை, இக்கிடங்கின் மாடியில், சனியை நேருக்கு நேர் காணலாம். அனைவரும் வருக. இலவசம்."

படிக்கத் தெரிந்த ஒருத்தி படித்துச் சொல்லியிருந்தாள். அந்த 'இலவசம்'தான் அவர்களை அதிகமாகக் கலங்கடித்தது.

துறைமுகத்தில் கணக்கெழுதும் ரைட்டர் உத்தியோகம் பார்க்கும் சுப்புராயன், சாப்பாட்டுத் தூக்கோடு அந்த வழியாக வந்தார். சங்கத்தின் காரியதரிசி அவர்தான். சாயபு வாசலிலேயே மடக்கிக்கொண்டார்.

"இன்னா ரைட்டரே, சும்மா கெடந்த மாடிய நட்சத்திரம் பாக்கத்தானே குடுத்தேன். நீ சனியனைக் கூட்டியாந்து குடி வெச்சிட்டியே."

"நான் சந்திரனைத்தான் போடணும்னு சொன்னேன், சாயபு. தலைவர் கேக்கலை."

"திங்கக்கெழமை கொழும்புக் கப்பல். காம்பு கிள்ளாத மொளகா மலை மாதிரி கீது. நானும் எங்க வாப்பாவும் இந்தத் தெருவுல யாரையும் பயமுறுத்தி வேல வாங்கினதில்ல. சனிக்கெழமை ராத்திரிக்குள்ள இந்தத் தெருவுல ஒருத்தர் மனசுலகூட பயம் இருக்கக் கூடாது. எல்லாரும் பாத்து, பயம் தெளிஞ்சி போவணும். ஒரே ஒருத்தர் பயந்துகினு நின்னாலும் மாடிய காலி பண்ணிடு. நான் மொளகா காயப் போட்டுக்கறேன்."

அந்த மாடி போனால் சங்கமே போயிற்று. ராயபுரத்தில் மற்ற வீடுகளெல்லாம் ஓட்டு வீடுகள்; கடற்கரைப் பக்கம் போனால் துறைமுக விளக்குகளும் ரயில் எஞ்சின் புகையும்.

சங்கம் என்று பெரிதாகச் சொன்னாலும் அதில் இருந்தது இரண்டு பேர்தான். மூன்றாவது உறுப்பினர் பினாங்குக்கு மாற்றலாகிப் போய்விட்டார். தலைவர் கிருஷ்ணப்பன் ஓய்வு பெற்ற தந்தி மாஸ்டர். கப்பல் சாமான் ஏலத்தில், வானம் பார்க்கும் ஒரு பித்தளைத் தூரதரிசினியை எடுத்து, அதைப் பெற்ற பிள்ளை மாதிரித் துடைத்து வைத்துக்கொண்டிருப்பவர். போன மாதம் இருவருமாக உட்கார்ந்து சங்கத்துக்கு ஒரு மூன்று வருஷத் திட்டம் போட்டார்கள். முதல் வருஷம் ராயபுரம் முழுவதும் அண்ணாந்து பார்க்க வேண்டும். இரண்டாம் வருஷம் திருவொற்றியூர். மூன்றாம் வருஷம் எண்ணூர் மணலில், விளக்கே இல்லாத இருட்டில், சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு கட்டடம்.

"முதல் வருஷத்துக்குச் சந்திரனே போதும் சார்" என்று அன்றைக்கே சொல்லிப் பார்த்தார் சுப்புராயன்.

"சந்திரனைப் பாக்க நாம எதுக்கு ஓய்? சனியைக் காட்டணும். அந்த வளையத்தை ஒரு தடவை பாத்தவன் அப்புறம் சங்கத்தை விட்டுப் போகமாட்டான். அதுதான் திட்டம்."

சுப்புராயன் யாரையும் எதிர்த்துப் பேசாதவர். பக்திமான், சனிக்கிழமைகளில் ஒருவேளைதான் உண்பார். மாடிக்கு எப்போதாவது யாராவது வந்துவிட்டால் தம் முறையை அவர்களுக்கு விட்டுக்கொடுத்து ஒதுங்கி நிற்பார். சனி தெரியும் நாட்களில் கிருஷ்ணப்பன் கூப்பிட்டாலும், "நீங்க ஆசை தீரப் பாருங்க சார்" என்பார். இப்படியொரு காரியதரிசி எந்தச் சங்கத்துக்குக் கிடைப்பார் என்று கிருஷ்ணப்பன் பலரிடம் சொன்னதுண்டு.

பெண்கள் கிடங்குக்குள் வராத செய்தி கேட்டு ஓடி வந்த கிருஷ்ணப்பன், தெருமுனையிலேயே ஒரு பிரசங்கம் செய்தார்.

"பயப்படறதுக்கு ஒண்ணுமில்லைம்மா. சனி கோடி கோடி மைலுக்கு அப்பால இருக்கு."

பெண்களில் மூத்தவள் பச்சையம்மா. அவள் கேட்டாள்: "அத்தினி தொலவுல கீறவன் எப்பிடி சாமி கண்ணுக்குத் தெரிவான்?"

"அதுக்குத்தான் எங்ககிட்ட பித்தளைக் குழாய் இருக்கு. தூரத்துல இருக்கறதை அம்பது மடங்கு கிட்டக் கொண்டுவந்துடும்."

பெண்கள் மொத்தமாக நாலடி பின்னால் போனார்கள். சுப்புராயனும் ஓரடி நகர்ந்துகொண்டார்.

"கேட்டீங்களாடி? கோடி மைலுக்கு அப்பால சிவனேன்னு கெடந்தவனை அம்பது மடங்கு கிட்ட இட்டாந்துட்டாராம்" என்றாள் பச்சையம்மா. "ஏன் சாமி, அந்தக் கொழா வழியா நாம அவனைப் பாத்தா, அதே கொழா வழியா அவன் நம்மளைப் பாக்க மாட்டானா?"

தந்தி மாஸ்டருக்குப் பதில் தெரியும். ஆனால் அதைச் சொல்வதற்குள் தெரு காலியாகிவிட்டது.

"சனி வேண்டாம் சார். சாயங்காலத்துல சுக்கிரன் மேற்கே நல்லாத் தெரியறான். சுக்கிரன்னா யாரும் ஓட மாட்டாங்க" என்றார் சுப்புராயன். அவசர அவசரமாக நோட்டீஸில் 'சனி' என்ற இடத்தில் 'சுக்கிரன்' என்றும், 'வரும் சனிக்கிழமை' என்ற இடத்தில் 'இன்று' என்றும் காகிதம் வெட்டி ஒட்டினார்.

அன்று மாலை பத்துப் பதினைந்து பெண்கள் உண்மையிலேயே மாடிப்படி ஏறி வந்தார்கள். சுக்கிரன் தங்கப் பொட்டு மாதிரி ஜொலித்தான். முதலில் குனிந்து பார்த்த பெண் நெடுநேரம் நிமிரவில்லை. பிறகு முகம் வெளுத்துப்போய்க் கேட்டாள்:

"இன்னா சாமி, சுக்கிரன் பாதிதான் கீறான்?"

"சரியாச் சொன்னேம்மா. சந்திரன் மாதிரியே சுக்கிரனும் தேஞ்சு வளர்வான். இப்போ பாதி" என்றார் கிருஷ்ணப்பன் பூரிப்போடு.

அவ்வளவுதான். சனி மாடிக்கு வந்த தோஷத்தால் சுக்கிரனே பாதியாகத் தேய்ந்துபோனான் என்ற செய்தி, இருட்டுவதற்குள் காசிமேட்டைத் தாண்டிவிட்டது. வெள்ளிக்கிழமை காம்பு கிள்ள மட்டுமல்ல, மூட்டை தூக்கவும் ஆள் வரவில்லை. சாயபு மாடியை அண்ணாந்து பார்த்துவிட்டு, தாமே உட்கார்ந்து காம்பு கிள்ள ஆரம்பித்தார். அவர் கத்தியிருந்தால் சுப்புராயனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஒரே வழிதான் சார்" என்றார் சுப்புராயன். "எள்ளு முடிச்சு விளக்கு. ஆளுக்கு ஒண்ணு ஏத்தச் சொல்லுவோம். கறுப்புத் துணியில எள்ளைக் கட்டி, நல்லெண்ணெய்ல நனைச்சு ஏத்தணும். எள்ளை வறுக்கக் கூடாது. மேற்குப் பார்த்து வைக்கறது விசேஷம்."

கிருஷ்ணப்பன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். "உமக்கு இதெல்லாம் எப்படி ஓய் தெரியும்?"

"கேள்விப்பட்டதுதான் சார்."

சனிக்கிழமை மாலை விளக்குகள் வந்தன, பெண்கள் வரவில்லை. கூடை கூடையாக அகலைப் படிக்கட்டின் கீழே வைத்துவிட்டு எதிர்ச்சாரியில் போய் நின்றுகொண்டார்கள். சுப்புராயன் அத்தனையையும் மேலே சுமந்து வந்து, கைப்பிடிச் சுவர் நெடுகத் தாமே ஏற்றினார். கார்த்திகை மாதிரி மாடி ஜகஜ்ஜோதியாக ஆயிற்று. அந்த வெளிச்சத்தில் சனியாவது, சூரியனே கண்ணுக்குத் தெரிந்திருக்காது.

"ஓய், நமக்கு வேண்டியது இருட்டு" என்று முனகினார் கிருஷ்ணப்பன்.

அப்போதுதான் கடற்காற்று எழுந்தது. ஓர் அகல் சாய்ந்து, கீழே இடமில்லாமல் மாடி மூலையில் கொண்டுவந்து வைத்திருந்த மிளகாய் மூட்டை மேல் விழுந்தது.

மூட்டை எரியவில்லை, புகைந்தது. சுப்புராயன் ஓடிப்போய் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினார். புகை இரண்டு மடங்காயிற்று. கிருஷ்ணப்பன் அங்கவஸ்திரத்தால் விசிறி விரட்டப் பார்த்தார். புகை திரண்டு தெருவில் இறங்கியது. தெரு முழுவதும் இருமியது. ஜட்கா வண்டிக் குதிரை தும்மியது. தொழுகை முடித்து வந்த சாயபு, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கண்ணீர் வழிய மாடி ஏறினார்.

"ரைட்டரே" என்றார். மேலே பேச இருமல் விடவில்லை.

சுப்புராயன் கைகூப்பி நின்றார். திட்டம், திருவொற்றியூர், எண்ணூர்க் கட்டடம் எல்லாம் அந்தப் புகையில் போவது அவருக்குத் தெரிந்தது.

கீழேயிருந்து பச்சையம்மாவின் குரல் வந்தது. "அடியே, இன்னா நெடி ஏறுது பாத்தீங்களா?"

"உசுரு போவுதுக்கா" என்றாள் ஒருத்தி.

"அதாண்டி சொல்றேன். கொழந்தைக்குச் சுத்திப் போட்டா இன்னா பண்ணுவோம்? மொளகாய நெருப்புல போடுவோம். கண்ணு பட்டிருந்தா நெடியே வராது. கண்ணு படலைன்னாத்தான் கமறும். இங்க ஒரு மூட்ட மொளகா எரிஞ்சி, ஊரே கமறிகினு கீது. சனியன் நம்ம பக்கம் திரும்பிக்கூடப் பாக்கலடி."

தெரு ஒரு கணம் யோசித்தது. பிறகு எல்லோரும் நன்றாக மூச்சை இழுத்து, மனநிறைவோடு இருமினார்கள். மாடியில் சுப்புராயனும் வாய்விட்டு இருமினார்.

பச்சையம்மா படியேறி வந்துவிட்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "எங்க கீறான் அவன்? ஏழரை வருசமா அவன் என்னைப் பாத்துகினு கீறான்னு ஜோசியக்காரன் சொல்றான். இன்னிக்கு நான் அவனைப் பாக்கறேன்" என்றாள்.

சாயபு ஒதுங்கி வழிவிட்டார். விளக்குகளை அணைத்தார்கள். காற்றில் புகை கலைந்தது. தெற்கே, சற்று மேலே, சிமிட்டாமல் ஒரு மஞ்சள் ஒளி. கிருஷ்ணப்பன் குழாயைத் திருப்பி நிறுத்தினார். பார்க்க ஸ்டூல் மேல் ஏற வேண்டும். ஏறப் போன பச்சையம்மா ஒரு காலை வைத்துவிட்டு மறுபடி கீழே எடுத்தாள்.

"மிளகாய்க் கையால கண்ணைத் தொட்டுடாதீங்கம்மா" என்றார் சுப்புராயன். பிறகு மெதுவாக, "பயப்படாதீங்க, நான் கையைப் பிடிச்சிக்கறேன்" என்று பிடித்துக்கொண்டார்.

அவள் குனிந்தாள்.

துறைமுகத்தில் எங்கோ பாரந்தூக்கி கிறீச்சிட்டு நின்றது.

"சாமி" என்றாள் கடைசியில். அது யாரைக் கூப்பிட்டது என்று தெரியவில்லை. "சின்னதா ஒரு உருண்டை. அதைச் சுத்தி வளையம். எங்கயும் தொடல. நகை செய்ற தட்டான் ராவி எடுத்தாப்பல கீது." மறுபடியும் பார்த்தாள். "இவனையா இத்தினி வருசம் திட்டினேன்? பாவம், அம்மாம் பெரிய இருட்டுல தன்னந்தனியா நிக்கறான்."

அவள் கன்னம் நனைந்திருந்தது. மிளகாய் நெடி அதற்குள் போய்விட்டிருந்தது.

அதற்குப் பிறகு தெருவே ஏறி வந்தது. கூடைக்காரிகள், மூட்டைக்காரர்கள், ஜட்கா வண்டிக்காரன். சத்தமாகப் பேசிக்கொண்டு ஏறியவர்கள் சத்தமில்லாமல் இறங்கினார்கள். ஏறத் தயங்கியவர் ஒவ்வொருவர் கையையும் சுப்புராயன் பிடித்துக்கொண்டார். குழாய் பக்கம் முதுகு காட்டி, அவர்கள் முகத்தையே பார்த்தபடி நின்றார். பயத்தோடு குனிந்த முகம் ஒவ்வொன்றும் நிமிரும்போது வேறு முகமாக இருந்தது. யார் பார்க்கப் போகிறார்கள் என்று தெரியாமலே, அத்தனை தூரத்தில், அத்தனை அழகாக ஒன்றைச் செய்து வைத்தவனுடைய கருணை அந்த முகங்களில் தெரிந்தது.

கடைசியில் சாயபு தொப்பியைச் சரி செய்துகொண்டு, 'பிஸ்மில்லா' என்று குனிந்தார். நிமிரும்போது, "சுபானல்லா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "மாஸ்டரே, அந்த வளையத்தத் தாங்கிப் புடிச்சிகினு கீறது யாரு?" என்று கேட்டார்.

எதற்கும் பதில் வைத்திருக்கும் கிருஷ்ணப்பன், "வருஷக்கணக்கா நானும் அதைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன், சாயபு" என்றார்.

இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். சாயபு கரிந்த மூட்டையைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

"மாடி சங்கத்துக்கே இருக்கட்டும். ஆனா சொன்ன சொல்லு சொன்னதுதான். ஒருத்தர்கூட பயந்துகினு நிக்கக் கூடாது. யாராச்சும் பாக்காம வுட்டுப் போச்சா, ரைட்டரே?"

"இல்லை, சாயபு" என்றார் சுப்புராயன், மூடியை எடுத்துக் குழாயின் முகப்பில் பொருத்தப் போனபடி. "பெரியவங்க சின்னவங்க எல்லாரும் பாத்தாச்சு."

பாதிப் படி இறங்கியிருந்த பச்சையம்மா திரும்பி ஏறி வந்தாள். அவர் கையிலிருந்த மூடியை வாங்கிக் கீழே வைத்தாள்.

"நீ ஒருத்தன்தான் நைனா இன்னும் பாக்கல. பயப்படாம ஏறு, நான் கையப் புடிச்சிக்கறேன்."