அத்தான் ஒரு மரவள்ளி பறித்துக் கடலில் நட்டார்

செத்துக்கொண்டிருந்த ஒரு மனிதரின் கையில் ஒட்சிசன் சிலிண்டரைக் கொடுத்துத் தூக்கிவர விட்டவன் நான். அவர் கேட்டார், நான் கொடுத்தேன், அவ்வளவுதான். அம்புலன்ஸ் வேலை செய்கிறவர்கள் நாலு பேர் கூடினால் ஆளுக்கொரு வீரக்கதை வைத்திருப்பார்கள். என்னிடம் இருப்பது இது ஒன்றுதான். இதையும் எனக்கு முன்னால் வேறு யாராவது சொல்லி முடித்துவிடுவார்கள்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே மறதி. (உப்பு வாங்க அனுப்பினால் வெறுங்கையோடு திரும்பி வந்து, என்னை எங்கே அனுப்பினீர்கள் என்று கேட்கிற வகை.) பயிற்சியில் நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்விகளை ஆங்கில எழுத்துகளாகக் கோத்துச் சொல்லித் தந்தார்கள். அது என் மண்டையில் ஒட்டவில்லை. ஆகவே நானே தமிழில் ஒரு வசனம் செய்தேன்: "அத்தான் ஒரு மரவள்ளி பறித்துக் கடலில் நட்டார்." அ என்றால் அறிகுறி. ஒ, ஒவ்வாமை. ம, மருந்து. ப, பழைய நோய். க, கடைசியாகச் சாப்பிட்டது. ந, நடந்தது என்ன. மரவள்ளியை ஏன் கடலில் நட்டார் என்று கேட்காதீர்கள். வசனம் மறக்கக் கூடாது என்பதுதான் நோக்கம். அதை இன்றுவரை யாரும் என்னை மறக்க விடவில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு மத்தியானம் செட்டிபாளையத்திலிருந்து அழைப்பு வந்தது. அயல்வீட்டுக்காரர் யாரோ பதற்றத்தில், "ஆளுக்குக் கடுமை, கெதியா வாங்க" என்று வீட்டு அடையாளத்தை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். சாரதி காத்தான்குடி ரமீஸ் நானா. வாவிப் பக்கத்து ஒழுங்கை முழுக்க மணல், வாகனம் உள்ளே போகாது. அவர் அதைத் திருப்பி நிறுத்துவதற்குள் நான் பையையும் சிலிண்டரையும் தூக்கிக்கொண்டு ஓடினேன். நாயகன் என்ற நினைப்பு.

வீட்டு வாசல் படலையில் ஒருவர் நின்றார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத சாரன், நெற்றியில் திருநீறு, வாரிவிட்ட தலை. குறைந்தது கோயில் நிர்வாகம் பார்க்கிற வண்ணக்கராவது இருப்பார் என்று நினைத்தேன். சட்டை முதுகில் வியர்வையில் ஒட்டியிருந்தது. அதையும் பார்த்தேன். வெயிலுக்கு வியர்க்காமல் என்ன செய்யும்?

"வாங்க மகன், இஞ்சால வாங்க. அத இஞ்ச தாங்க, நான் தூக்கிறன்."

வீட்டுக்கு வந்தவன் சுமப்பதா என்ற உபசாரம். கொடுத்துவிட்டேன்.

உள்ளே பாயில் ஓர் அம்மா மயங்கிக் கிடந்தா. சுற்றிவரப் பெண்கள், ஒருத்தி சுளகால் விசிறிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட உடுப்போடு ஒரு பெண்பிள்ளை தாயின் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் முழந்தாளிட்டேன். "அத்தான் ஒரு மரவள்ளி" என்று முணுமுணுத்தேன். (மந்திரம் சொல்கிறேன் என்று அந்தப் பிள்ளை நினைத்ததாம்.)

"அம்மா, உங்களுக்கு என்ன செய்யுது?"

அம்மா முனகினா. வெள்ளைச் சட்டைக்காரர் பின்னால் நின்று பதில் சொன்னார். "மயங்கி விழுந்திட்டா மகன்."

"ஏதும் ஒத்துக்கொள்ளாதா?"

"இறால் சாப்பிட்டாச் சொறியும்."

"மருந்து?"

"பிரசருக்குக் குளிசை போடுறவ."

பழைய நோயையும் கேட்டு முடித்தேன். பிரசரை அளந்தேன். எல்லாம் அழகாக ஒழுங்கில் போய்க்கொண்டிருந்தது.

"கடைசியா என்ன சாப்பிட்டவ?"

"காலம்ப புட்டும் மீன் குழம்பும். நான்தான் ஒண்டும் சாப்பிடல்ல, ஒரு மாதிரி..."

"ஐயா, உங்களப் பத்தி நான் கேக்கல்ல. கொஞ்சம் பேசாம இரிங்க."

"சரி மகன்" என்று சொல்லிவிட்டு அவர் போய் வாசற்படியில் உட்கார்ந்தார். என் வாழ்க்கையில் நான் சொன்ன ஒரு கட்டளைக்கு உடனே கீழ்ப்படிந்த மனிதர் அவர் ஒருவர்தான்.

வசனத்தில் மிச்சம் இருந்தது 'நட்டார்'. "அம்மா, என்ன நடந்தது?"

அம்மா கண்ணைத் திறந்தா. "எனக்கென்ன நடக்கிற? அவர் நெஞ்சு நோகுதெண்டு சொல்லிச் சட்டையப் போட்டாரு. அதப் பாத்துத்தான் நான் விழுந்தன். அவர இன்னும் ஏத்தல்லயா?"

எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆள் கட்டியிருக்கிற சாரனோடு போகமாட்டார். முகம் கழுவி, திருநீறு பூசி, இருப்பதில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டுதான் அம்புலன்ஸுக்குக் காத்திருப்பார். ஆக, வீட்டில் யார் திருத்தமாக நிற்கிறாரோ அவர்தான் நோயாளி. இது ஊரில் பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாததல்ல. என் அப்பாவும் அப்படித்தான் போனார். ஆனால் என் மண்டைக்குள் அன்று மரவள்ளிக்கு மட்டுமே இடம் இருந்தது.

திரும்பினேன். அவர் கதவு நிலையில் சாய்ந்திருந்தார். சிலிண்டர் இன்னும் மடியில். முகம் சாம்பல் நிறம். நான் எழும்புவதற்குள் அப்படியே சரிந்தார். நாடி இல்லை.

பயத்தில் வசனம் முழுதும் ஓடிப்போயிற்று. நெஞ்சை அமத்துவதற்கு வசனம் தேவையில்லை என்பதால் அமத்தினேன். விலா எலும்பு ஒன்று முறிந்தது கைக்குத் தெரிந்தது. ரமீஸ் நானா மின்னதிர்ச்சிக் கருவியைக் கொண்டு ஓடிவந்தார். வெள்ளைச் சட்டையைக் கத்தரிக்கோலால் மேலிருந்து கீழ்வரை வெட்டினேன். அடித்தோம். திரும்ப அமத்தினேன். அவர் ஒரு மூச்சு இழுத்தார். அந்தச் சத்தத்தைப் போல நல்ல சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் அவருடைய மூத்த மகள் வந்து நின்றாள். புளியந்தீவில் ஒரு கடையில் வேலை.

"அப்பாவ விட்டுட்டு அம்மாட பிரசரப் பாத்தவர் நீங்களா?"

"ஓம்" என்றேன். அவள் சொன்ன மிச்சத்தை அச்சில் போட முடியாது.

பாதி இருதயத்தோடு பிழைத்தார். மன்னிப்புக் கேட்கப் போனேன்.

"உசிர் கிடக்கட்டும் மகன். என்ட திருவிழாச் சட்டைக்கு என்ன சொல்றீங்க?"

சட்டை வாங்கிக்கொண்டு போனேன். இறுக்கம். மாற்றிக்கொண்டு போனேன். கை நீளம். இப்படிப் போய் வந்ததில், திட்டியவள் மெல்ல மெல்லத் திட்டுவதைக் குறைத்தாள். கலியாணத்தில் வந்து முடிந்தது. மட்டக்களப்பில் கட்டினவன்தான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். ஆகவே நான் கிட்டத்தட்டக் கொன்ற மனிதரோடு ஒரே கூரைக்குக் கீழ் குடிபோனேன். வீட்டுக்கு வருகிற யாருக்கும் தேத்தண்ணி வருவதற்கு முன்னமே கதை வந்துவிடும். சிலிண்டரைத் தூக்கியதை மாமா எழும்பி நடித்துக் காட்டுவார். அன்று பள்ளிக்கூட உடுப்போடு இருந்த மச்சாள் எனக்கு வைத்த பெயர் 'மரவள்ளி அத்தான்'. அதுவே நிலைத்துவிட்டது.

பிறகு ஒருநாள், நான் விடுமுறையில் வீட்டில் இருந்தபோது, உள்ளறையிலிருந்து மாமி கத்தினா. ஓடினேன். மாமா தரையில் கிடந்தார். பழைய சாரன், வெறும் மேல். என்னைக் கண்டதும் ஒரு கையைக் கொஞ்சம் உயர்த்தினார்.

"மகன், நோயாளி நான்தான். சட்டை போடல்ல, வெட்டத் தேவையில்ல."

சிரித்துவிட்டேன். அவரும் சிரிக்கப் பார்த்தார். அன்று எல்லாவற்றையும் சரியாகச் செய்தேன். யாரைப் பார்க்க வேண்டுமோ அவரைத்தான் பார்த்தேன். ஆஸ்பத்திரி வாசலில் அவர் போய்விட்டார்.

முப்பத்தோராம் நாள் சோறு கொடுத்த அன்று மச்சாள் அந்தக் கதையை முதலிலிருந்து சொன்னாள். மாமி சிரித்தா. அவ சிரித்ததைப் பார்த்து எங்களுக்கும் அடக்க முடியவில்லை. பந்தியில் இருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது.

இப்போதும் எங்கள் வீட்டில் யாருக்கு நோய், வருத்தம் என்றாலும் முதலில் கையை உயர்த்த வேண்டும். அது சட்டம். போன மாதம் என் மகள் காய்ச்சலோடு பாயில் கிடந்தாள். நான் பையோடு உள்ளே போனதும் கண்ணைத் திறக்காமலே கையைத் தூக்கினாள். "அப்பா, நோயாளி நான்தான்." அவள் பிறப்பதற்கு முன்பே மாமா போய்விட்டார். தண்ணி கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய் நின்று அழுதேன்.