மார்க்கெட் சாரின் மூன்றாவது வரி

திருச்சி ஜில்லாவிலேயே, ஏன், கொள்ளிடத்துக்கு இந்தக் கரை அந்தக் கரை இரண்டையும் சேர்த்துத் தேடினாலும், தான் தோற்றதற்குத் தானே கைதட்டி விசிலடித்த ஒரே மனுஷர் எங்கள் மார்க்கெட் சார்தான். அவரை ஜெயித்தவன் நான். ஜெயித்த பிறகும் பொறாமைப்பட்டவன் நான். இந்த அநியாயத்தை எந்தக் கோயிலில் போய்ச் சொல்ல?

பாலக்கரையில் எங்கள் பம்ப்செட் ஏஜென்சியில் நானும் அவரும் எதிரெதிர் மேஜை. பேரைக் கேட்டுவிட்டுப் பார்க்க வருகிறவர்கள், காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருக்கும் ஆள் என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். இவரோ நெற்றியில் பளிச்சென்று திருமண்ணோடு ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் வந்து இறங்குகிறவர். பஸ் லேட்டானாலும், கேன்டீன் வடை ஊசிப்போனாலும் ஒரே மருந்துதான் சொல்லுவார். "மார்க்கெட்டை அதும்பாட்டுக்கு விட்டுடுங்கோ சார். தானே சரியாப் போயிடும்."

இந்த ஞானம் அவருக்கு ஸ்கூட்டரால் வந்தது. எழுபத்துச் சொச்சத்தில், கல்யாணம் நிச்சயமான கையோடு, மாமியைப் பின்னால் உட்காரவைத்துக் காவிரிக்கரை அம்மா மண்டபத்துக்குப் போகலாம் என்று ஸ்கூட்டருக்குப் பதிவு செய்தார். பர்மிட், கோட்டா என்று வரிசை நகர்ந்து நகர்ந்து வண்டி வந்தபோது, முன்னால் நிற்க ஒரு பிள்ளை, நடுவில் ஒன்று, மாமி மடியில் ஒன்று தயாராக இருந்தன. அன்றிலிருந்து சர்க்கார் என்ற வார்த்தையைக் கேட்டாலே அவருக்குப் புரையேறும்.

இதோடு விட்டாரா என்றால் இல்லை. பொன்மலை ரயில்வே காலனியில் ரிடையரான ஆங்கிலோ-இந்திய டிரைவர் ஒருவர் வெளிநாடு கிளம்பும்போது, ஒரு பெட்டி ப்ளூஸ் பாட்டு கேசட்டையும் ஒரு மவுத் ஆர்கனையும் இவர் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார். அமெரிக்காவில் கறுப்பு ஜனங்கள் படாதபாடு பட்டுப் பாடின பாட்டாம்.

"ரொம்ப சுலபம் சார். புலம்பலை ஒரு வரி பாடணும். அதே வரியைத் திரும்பவும் பாடணும். மூணாவது வரியில சிரிச்சுடணும்."

"முதல் ரெண்டு வரியை எங்க வீட்ல தினமும் பாடுறாங்க. யாரும் சங்கீதம்னு சொன்னதில்லீங்களே!" என்றேன்.

கரண்ட் போன ஒரு காலையில் மவுத் ஆர்கனை எடுத்து இழுத்தார். அப்புறம் பாட்டு.

"காலங்காத்தால கரண்டு போச்சு,
ஐயோ, காலங்காத்தால கரண்டு போச்சு,
நல்லதாப் போச்சு, முதலாளி மூஞ்சி மறைஞ்சு போச்சு!"

ஆபீஸே குலுங்கியது. நான் புலம்பினால் "தலைவலிக்குது சவரி சார்" என்று எழுந்து போகிற அதே ஜனங்கள், அவர் புலம்பினால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. சொல்ல வெட்கம் என்ன, நன்றாகவே எரிந்தது.

அப்போதுதான் கம்ப்யூட்டர் வந்தது. அதற்கென்று தனி ரூம், கண்ணாடிக் கதவு, ஏ.சி.! திருச்சி வெயிலில் ஏ.சி. என்றால் சும்மாவா? செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகணும். மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, முதலாளி அறிவித்தார். "நீங்க ரெண்டு பேரும் மாசக் கடைசிக்குள்ள ஸ்டாக் ஸ்டேட்மென்ட் எடுத்துக் காட்டுங்க. யாரோடது உருப்படியா இருக்கோ, அவர்தான் இந்த ரூமுக்கு இன்சார்ஜ்."

சர்வீஸில் நான் சீனியர். என் மனைவி அன்று சாயங்காலமே கோயில் வாசலில் பார்த்தவர்களிடமெல்லாம் "அவருக்கு ஏ.சி. ரூம் கொடுக்கப்போறாங்க" என்று சொல்லிவிட்டு வந்து ஜபமாலையைக் கையில் எடுத்துவிட்டாள். இனி தோற்றால் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு எந்த முகத்தோடு போவது?

மார்க்கெட் சாருக்கு, கட்டம் கட்டமாகக் கணக்குப் போடும் அந்த சாஃப்ட்வேர் ஒரே நாளில் படிந்துவிட்டது. எனக்கோ, டைப்ரைட்டரிலேயே வளர்ந்த கை. வரி முடிந்ததும் அது தானாக எழும்பி ரோலரைத் தள்ளும். ரோலர் எங்கே இருக்கிறது? மானிட்டர்தான் நகரும். ஒரு பக்கம் அடித்து முடிப்பதற்குள் மானிட்டர் மேஜை விளிம்புக்கு வந்து எட்டிப் பார்க்கும். கண்ணாடிக்கு வெளியே நின்று ஊரே பார்த்துச் சிரித்தது.

அவர் மட்டும் சிரிக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் தயிர்சாத டப்பாவோடு உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "வாங்கோ, கத்துத் தரேன்."

"எனக்கு எதுக்குங்க கத்துத் தரணும்? நான் உங்களுக்குப் போட்டிங்க!"

"அதுக்குத்தான் சார்! எதிராளி இல்லாம ஜெயிச்சா அது ஜெயமா? ஏகபோகம். நமக்கும் ரேஷன் கடைக்கும் அப்புறம் என்ன வித்தியாசம்?"

தினமும் வந்தார். என் இடது கையைத் தன் துண்டால் நாற்காலிக் கையோடு கட்டிவிட்டுச் சொல்லிக்கொடுத்தார். ஒரு கட்டத்தில் விலையை மாற்றினால் மற்ற கட்டங்கள் எல்லாம் தானாக மாறும். அதைக் காட்டும்போது அவருக்குக் கண்ணே கலங்கிவிடும். "பாத்தேளா? யாரும் உத்தரவு போடலை!"

"நான்தானே சார் தட்டினேன்?" என்றால் காதில் வாங்கமாட்டார்.

மாசக் கடைசி வந்தது. இரண்டு ஸ்டேட்மென்ட்டும் முதலாளி மேஜையில். அவருடையது முதலில் முடிந்தது, தப்பே கிடையாது. ஆனால் மனுஷர் சும்மா இருந்தாரா? ஒவ்வொரு ஸ்பேர் பார்ட்டுக்கும் எதிரில் 'மார்க்கெட்டின் அபிப்பிராயம்' என்று ஒரு பத்தி சேர்த்திருந்தார். வாஷருக்கு எதிரில், 'முதலாளி பேராசைப்படுகிறார்.' வால்வுக்கு எதிரில், 'இந்த விலைக்கு மணப்பாறைக்காரன்கூட வாங்கமாட்டான்.' முதலாளி முகம் சிவந்தது.

"கோவிச்சுக்காதீங்கோ. உபயோகிக்கிறவர் தீர்ப்பு சொல்லட்டுமே!" என்று அவரே கவுன்ட்டரில் விற்கிற பெரியசாமியைக் கூப்பிட்டார்.

பெரியசாமி இரண்டையும் புரட்டிவிட்டுத் தலையைச் சொறிந்தார். "சவரி சார்து போதுங்க. பார்த்தா எடுத்துக் கொடுத்துடலாம். அவரோடதைப் படிச்சா கஸ்டமர் ஓடிடுவாங்க."

"மார்க்கெட் பேசிடுத்து!" என்று கத்தினார் மார்க்கெட் சார். கைதட்டினார். விரலை மடக்கி வாயில் வைத்து ஒரு விசில் வேறு! என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டார். அவரைக் கோடவுனுக்கு மாற்றினார்கள், பாடிக்கொண்டே போனார்.

எனக்கு ஏ.சி. ரூம் கிடைத்தது. ஜெயித்தேன், சரி. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வர எவனுக்குச் சோம்பலில்லை? ஒரு காக்கா குருவி எட்டிப்பார்க்கவில்லை. நாலு மணியானால் டீ கிளாஸோடு ஆபீஸ் மொத்தமும் கோடவுனில் இருக்கும். மூட்டை மேல் உட்கார்ந்து அவர் மவுத் ஆர்கன் ஊத, முதலாளியே தாளம் போட்டுக்கொண்டிருப்பார். நான் குளிரில் விறைத்துக்கொண்டு கண்ணாடி வழியாகப் பார்ப்பேன். சொக்காய்க்குள் மட்டும் நெருப்பு.

போன தீபாவளிக்கு முன்னால் பம்பாய்க் கம்பெனி ஒன்று அவரைக் கூப்பிட்டது. "நல்ல விலைக்குக் கேக்கறா சார். மார்க்கெட்டுக்கு மரியாதை பண்ண வேண்டாமா?" என்று சொல்லிக்கொள்ள ரூமுக்கு வந்தார், செருப்பை வெளியே விட்டுவிட்டு.

"இப்ப போட்டிக்கு யார் இருக்கா?"

"யாரும் இல்லீங்க."

"அதான் உங்க மூஞ்சி ரேஷன் கடை மாதிரி இருக்கு" என்று என் இடது கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

நாலு மணிக்கு இப்போதெல்லாம் கோடவுன் பக்கம் யாரும் போவதில்லை. நான் மட்டும் போய் அந்த மூட்டை மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். பம்பாயில் இந்நேரம் எவனெவனோ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்திருப்பான்.

அவர்களை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

ஐயோ, அவர்களை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

மூன்றாவது வரிக்கு நீங்கதான் வரணும், மார்க்கெட் சார்.