படிக்கட்டுக்கு நன்றி

திங்கட்கிழமை காலை ஒன்பதே காலுக்கு, முப்பது பேர் முன்னால் நின்றுகொண்டு சித்திகா ஒரு படிக்கட்டுக்கு நன்றி சொன்னாள்.

சொல்ல வேண்டுமென்று வீட்டிலிருந்து கிளம்பியவள் அல்ல. கூடுவாஞ்சேரியில் ரயில் ஏறியதிலிருந்து அவள் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது வேறு. "பாய், ஜெயஸ்ரீ மாசக் கடைசியில நின்னுடறா. அந்த பில் கவுண்டர் நாற்காலிய எனக்குக் குடுங்க. முட்டி தாங்கல." அவ்வளவுதான். குரோம்பேட்டை ஜவுளிக் கடையின் இரண்டாவது மாடியில் பதினோரு வருடமாக நின்றபடியே சேலை விரித்துக் காட்டுகிறவள் கேட்கக் கூடாத பொருள் இல்லை அது. சக்கரம் வைத்த நாற்காலி. ஒரு கைப்பிடி உடைந்தது. தலைக்கு மேலே ஃபேன். கொஞ்ச நாளாக அது அவள் கனவில்கூட வந்துகொண்டிருந்தது.

கெட்ட நேரம், முதலாளி அத்தாவுல்லா பாய் முந்தின வாரம்தான் கடற்கரைப் பக்கம் ஒரு ரிசார்ட்டில் இரண்டு நாள் மனவளப் பயிற்சிக்குப் போயிருந்தார். போகும்போது சர்க்கரை மாத்திரையோடு போனவர், வரும்போது பித்தளை மணி ஒன்றோடு வந்தார்.

"இருபத்தோரு நாளைக்கு இந்தக் கடையில யாரும் குறை பேசக் கூடாது. தினமும் காலையில நன்றிதான் சொல்லணும். மனசுலேர்ந்து வந்த நன்றியா இருந்தா இந்த மணிய அடிப்பேன்" என்று ஆரம்பித்தார்.

அவர் மூச்சு வாங்கிய இடைவெளியில் சித்திகா கையைத் தூக்கினாள். கூட்டம் கலைந்துவிட்டால் பாயைப் பிடிக்க முடியாது.

"பாய், படி ஏறி இறங்கி முட்டி ரொம்ப…"

"அது குறை. நன்றியா மாத்திச் சொல்லும்மா."

முப்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். 

"அந்தப் படிக்கு நன்றி பாய். தினம் நாப்பது தடவை ஏற வெக்குது. அது இல்லன்னா எனக்கு முட்டின்னு ஒண்ணு இருக்கறதே தெரியாது."

இவ்வளவு சொன்னால் புரிந்துகொள்வார் என்றுதான் நினைத்தாள். பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மணியை மூன்று முறை அடித்தார்.

"இன்னாக்கா நீ, நாற்காலின்னு ஒரு வார்த்தை சொன்னியா?" என்று மாடி ஏறும்போது ஜான்சி திட்டினாள். அவளும் சேலைப் பிரிவுதான். "படியப் பத்திச் சொன்னா அவருக்கு இன்னா புரியும்? நாளைக்கு நாற்காலியப் பேர் சொல்லி இழு."

மறுநாள் சித்திகா பேர் சொல்லி இழுத்தாள்.

"ஜெயஸ்ரீ உக்கார்ற நாற்காலிக்கு நன்றி பாய். ஒரு பொம்பளையாவது இந்தக் கடையில உக்காந்திருக்கான்னு பார்க்கவே நிம்மதியா இருக்கு."

 பாய் எல்லோரையும் பார்த்தார். "கேட்டீங்களா? பொறாமையே இல்லாத மனசு! இது ரெண்டாவது மாடியில கிடக்க வேண்டிய மனசா? மூணாவது மாடியில கல்யாணப் பட்டுப் பிரிவுல நிக்கிறவங்களுக்குள்ள தினம் சண்டை. சித்திகாம்மா, இன்னையிலிருந்து நீ அங்க நில்லு. உன்னைப் பார்த்தாவது திருந்தட்டும்."

மூன்றாவது மாடிக்கும் லிஃப்ட் போகும். வாடிக்கையாளர்கள் மட்டும் போகலாம்.

சித்திகா பாதிப் படியில் உட்கார்ந்து, மீதிப் படியை எண்ணினாள். பதினெட்டு. எண்ணாமல் இருந்திருக்கலாம்.

அடுத்த வாரம் முழுவதும் வாயே திறப்பதில்லை என்று முடிவு செய்தாள். பேசினால்தானே வம்பு? அவள் முறை வந்தபோது, "இன்னைக்கு ஒண்ணும் இல்ல பாய்" என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

"பாருங்க" என்றார் பாய், குரலைத் தாழ்த்தி. "எல்லாத்துக்கும் நன்றி சொல்லி முடிச்சவங்களுக்குத்தான் இந்த அமைதி வரும்."

அன்று மாலையே அவளைப் படம் எடுத்து, லிஃப்ட் பக்கத்தில் பெரிதாக ஒட்டினார்கள். படத்தில் முட்டி தெரியவில்லை. புதன்கிழமை அவளுக்கு வார விடுமுறை. அன்று கூடுவாஞ்சேரிக் கிளைக்குப் போய், அங்கிருப்பவர்களுக்கு நல்ல எண்ணத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பேசுகிறவர் நின்று பேசினால்தான் கேட்கிறவர்களுக்கு உற்சாகம் வரும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்களாம். முக்கால் மணி நேரம் நின்றாள். எதிரே அத்தனை பேரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள்.

வீட்டில் கணவன் வாஜித் முட்டியில் தைலத்தைச் சூடு பறக்கத் தேய்த்துவிட்டான்.

"ஊருக்கெல்லாம் நன்றி சொல்றியாமே. எனக்கு ஒரு நாளாவது சொல்லியிருக்கியா?"

"நீங்க இன்னும் கொஞ்சம் கீழ தேய்ங்க, சொல்றேன்."

"கீழ தேய்ச்சாச்சு."

சித்திகா தூங்கியிருந்தாள்.

மறுநாள் காலை ரயிலில் நல்ல கூட்டம். காலேஜ் பெண் ஒருத்தி, போனிலிருந்து கண்ணை எடுக்காமலே எழுந்து, "உக்காருங்க ஆன்ட்டி" என்றாள். சித்திகா உட்கார்ந்தாள். தாம்பரம் தாண்டும்வரை அந்தப் பெண்ணின் பையை மடியில் வைத்துக் காத்தாள். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. நன்றி என்பது இவ்வளவுதானே, இதற்கு எதற்கு மணி என்று அவளுக்குத் தோன்றியது. குரோம்பேட்டை வந்ததும் எழுந்திருக்கத்தான் மனம் வரவில்லை.

அன்று கூட்டத்தில் எட்மண்ட் வெடித்தான். ஆண்கள் சட்டைப் பிரிவு. ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறவன். கடையில் சேர்ந்ததிலிருந்து வாய் மூடியதில்லை.

"எனக்கு ஒரு நன்றியும் இல்ல பாய். பஸ் சரியில்ல, டீ சரியில்ல, ஏசி சரியில்ல. இந்தக் கூட்டமே பெரிய பேஜாரு."

 அவன் வேலை போயிற்று என்றே சித்திகா நினைத்தாள்.

பாய் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "இந்த வாயை வாடிக்கையாளர் பக்கத்துல விட்டா வியாபாரம் படுத்துடும். இவனைக் கண்ணாடிக்குப் பின்னால உக்கார வெக்கணும். ஜெயஸ்ரீ போனதும் பில் கவுண்டருக்கு மாத்துங்க."

மாதக் கடைசியில் எட்மண்ட் அந்த நாற்காலியில் உட்கார்ந்தான். உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம், "இன்னா சேர் இது, கைப்பிடி உடைஞ்சு கீது" என்றான். மறுநாளே புது நாற்காலி வந்தது. தலை சாய்க்க மெத்தை வைத்தது.

"பார்த்தியா?" என்றாள் ஜான்சி. "திட்டறவன் உக்கார்றான், கும்புடறவ ஏர்றா. நாளைக்குக் கடைசி நாள்க்கா. நேரா கேளு. வெக்கப்படாத."

இருபத்தோராம் நாள். சித்திகா முன்னால் வந்து நின்றாள். நின்றாள் என்பதைவிட, சுவரைப் பிடித்து நிமிர்ந்தாள் என்று சொல்லலாம்.

"பாய், இன்னைக்கு நான் நன்றி சொல்லப் போறதில்ல. எனக்கு முட்டி வலிக்குது. படி ஏற முடியல. படியைப் பார்த்தாலே அழுகை வருது. இத்தனை நாளா சொன்னதெல்லாம் பொய். எனக்கு உக்கார்ற வேலை ஏதாவது குடுங்க."

 மணி பாயின் கையில் அப்படியே நின்றது. அவர் முகம் முதலில் சுருங்கியது. பிறகு மெல்ல மெல்ல விரிந்தது.

"சித்திகாம்மா! என்னைச் சோதிக்கிறியா?"

"இல்ல பாய், நிஜமாவே…"

"பயிற்சியில கடைசி நாள் இதத்தான் சொன்னாங்க. பக்குவப்பட்டவங்க திடீர்னு குறை சொல்லி நம்ம மனசு ஆடுதான்னு பார்ப்பாங்களாம். ஆடல பாரு! என் மனசு ஆடவே இல்ல!"

மணி அடித்தார். அடித்துக்கொண்டே இருந்தார். முப்பது பேரும் கை தட்டினார்கள். எட்மண்ட் மட்டும் தட்டவில்லை. சத்தம் அதிகம் என்றான்.

சித்திகா மாடி ஏறினாள். சேலையை மடித்து வைத்துவிட்டு, பில் தாளின் பின்பக்கத்தில், "உடல்நிலை காரணமாக வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன்" என்று எழுதினாள். பதினோரு வருடம் ஒரே வரியில் முடிந்துவிட்டது. வீட்டு வாடகையை நினைத்தபோது பேனாவை ஒரு முறை கீழே வைத்தாள். ஆனாலும் கையெழுத்துப் போட்டாள். அலுவலக அறை கீழ்த்தளத்தில் இருந்தது. ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

அங்கே மிருதுளா, வேலையாட்கள் கணக்கைப் பார்க்கும் பெண், டப்பாவைத் திறந்து லெமன் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். காகிதத்தை வாங்கிப் படித்ததும் ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

"என்னக்கா இது? உங்களுக்குப் படின்னா உசிரு ஆச்சே?"

"யாரு சொன்னா?"

"பாய்தான். நீங்க படியில உக்காந்து உக்காந்து ஏர்றதை கேமராவுல பார்த்துட்டு, உங்களை பில் கவுண்டருக்கு மாத்தி, முதல் கூட்டத்துக்கு முந்தின நாளே ஆர்டர் டைப் பண்ணச் சொன்னார். முதல் நன்றிய உங்களுக்குத்தான் சொல்லி, அந்தக் கூட்டத்துலயே அதை வாசிக்கப் போனார். அதுக்குள்ள நீங்க கையைத் தூக்கிப் படிக்கு நன்றி சொல்லிட்டீங்க. திரும்பி வந்து கிழிச்சுப் போட்டுட்டு, 'அந்தப் பொண்ணுகிட்டேர்ந்து படியைப் பிடுங்கறது பாவம்மா'ன்னுட்டார்."