மூன்றாவது படுக்கை யாருக்கு?

பகலில் மேகத்தையும் இரவில் அக்கினியையும் முன்னே அனுப்பி, நிலையான கூரையில்லாத ஜனத்தை வனாந்தரத்தின் வழியே நடத்திச் சென்ற ஆண்டவருக்கே மகிமை உண்டாகுக.

பிஸ்மார்க், வடக்கு டக்கோட்டா,
செப்டம்பர் 19

அன்பும் கனமும் பொருந்திய தங்கை டெலோரிசுக்கு அண்ணன் ஆர்வில் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணி ஆர்டிஸும் கிருபையால் நலம். டுலூத்தில் நீயும் உன் பூனையும் நலமாயிருப்பீர்கள் என்று விசுவாசிக்கிறேன். ஏரிக்காற்றில் உன் இடுப்புவலி எப்படியிருக்கிறதென்று அடுத்த கடிதத்தில் எழுது.

இன்னொரு டக்கோட்டாக் குளிரை ஆர்டிஸின் நுரையீரல் தாங்காது என்று வைத்தியர் சொன்னதும், நவம்பர் முதல் மார்ச் வரை அரிசோனாவில் தங்குவதற்காக அடுப்பும் படுக்கையும் உள்ளேயே அமைந்த ஒரு வீட்டு வண்டி வாங்கத் தீர்மானித்ததும் நீ அறிந்ததே. உன்னையும் உடன் வரும்படி ஜூனில் ஒருமுறையும் ஆகஸ்டில் ஒருமுறையும் கேட்டேன். இருமுறையும், "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க, எனக்கு இங்க ஒரு குறையும் இல்ல" என்று எழுதினாய். உன் சொல்லை மதித்து, இருவருக்குப் போதுமான வண்டியொன்றைத் தேடிப் புறப்பட்டேன். பிரளயத்துக்கு முன் பேழை செய்தவருக்கு நீளமும் அகலமும் உயரமும் மேலிருந்தே அருளப்பட்டன. எனக்கோ அவற்றைச் சொல்ல வாய்த்தவன் கோர்டி என்னும் விற்பனையாளன்.

டெலோரிஸ், அந்த மனிதனை நான் நம்பவில்லை. டெக்சஸிலிருந்து வந்தவனாம். நுழைந்ததும் "காபி குடிக்கிறீங்களாம்மா?" என்று ஆர்டிஸிடம் கேட்டான். இரண்டு முறை மறுத்து மூன்றாம் முறை ஏற்கும் நம் ஊர் முறைப்படி அவள் "ஐயோ, வேண்டாம்ப்பா" என்றாள். உடனே பாத்திரத்தை உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டான்! இரண்டாம் முறையும் இல்லை, மூன்றாம் முறையும் இல்லை. வறண்ட தொண்டையோடு அவள் இரண்டு மணி நேரம் நடந்தாள். மூன்று முறை உபசரிக்கத் தெரியாத ஒருவன் சொல்லும் எடைக்கணக்கை எப்படி நம்புவது?

முதலில் பேருந்து போன்ற ஒன்றைக் காட்டினான். ஓடுவதும் அதுவே, உறங்குவதும் அதிலே. எஞ்சின் பழுதானால் என் கட்டிலும் சேர்ந்து பட்டறைக்குப் போகும், தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நான் தெருவில் நிற்பேன், ஆகையால் வேண்டாம் என்றேன். பிறகு, நம் பிக்கப் லாரியின் பின்னால் கட்டி இழுப்பதொன்றைக் காட்டினான். அதில் பொத்தானை அழுத்தினால் சுவரே வெளியே நகர்ந்து அறை அகலமாகிறது. வேதத்தில் ஒரு சுவர் அசைந்ததாகப் படித்திருக்கிறேன், ஆனால் அது விழுந்தே போயிற்று.

"ஆறு பேர் தாராளமா தூங்கலாம் ஐயா!" என்றான் கோர்டி.

"எந்த ஆறு பேர்?" என்று கேட்டு, மேல்தட்டுப் படுக்கையில் ஏறிப் படுத்துப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே எனக்கு இடமில்லை.

"இறங்குங்க மூப்பரே," என்றாள் ஆர்டிஸ். சபையில் நான் வகிக்கும் பதவியை அவள் கேலிக்கு மட்டுமே பயன்படுத்துகிறாள். "பல்லு புடுங்க வந்தவர் மாதிரி வாயைப் பொளந்துக்கிட்டுக் கெடக்கீங்க."

"உங்க பிக்கப் இதை அலட்சியமா இழுக்கும் ஐயா," என்றான் அவன்.

"நீ சொல்லும் எடை, தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருக்கும்போதா, வெறுமையாகவா? அவளுடைய இரும்பு வாணலிகளோடா, அவையில்லாமலா?"

தாளைப் புரட்டினான், வானத்தைப் பார்த்தான். "வெறும் வண்டிதாங்க," என்றான். பார்த்தாயா?

ஆனால் இதைவிடப் பெரிய சந்தேகம் என் வீட்டிலேயே முளைத்தது. எந்த வண்டியில் ஏறினாலும் ஆர்டிஸ் அடுப்பைப் பார்ப்பதில்லை, கழிவுத் தொட்டியைத் திறக்கும் விதத்தைக் கேட்பதில்லை. நேரே சாப்பாட்டு மேசைக்குப் போய், அதை இறக்கிப் படுக்கையாக்கி, கைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுக்கிறாள். "அஞ்சடி பத்தங்குலம் வேணும் தம்பி. ஏணி கூடவே கூடாது. மெத்தை இடுப்பைக் குத்தக்கூடாது." இருவருக்கு மூன்றாவது படுக்கை ஏன் என்று கேட்டேன். "வேணும்னா வேணும்," என்றாள். நாற்பத்தாறு ஆண்டு இல்லறத்தில் இத்தனை சுருக்கமாக அவள் பேசியதில்லை.

முதலில் அவள் தம்பி வெண்டலைச் சந்தேகித்தேன். அவன் குறட்டையை நீ நம் தகப்பனாரின் அடக்க ஆராதனையிலேயே கேட்டிருக்கிறாய். ஆனால் நேற்று அவள் மேசைக்கடியில் குனிந்து, "பூனை வெளிக்குப் போக மணல் தட்டு வைக்க இடம் பத்துமா?" என்று கோர்டியிடம் கேட்டதை என் காதாலேயே கேட்டேன். வெண்டல் பூனையின் படத்தைக் கண்டாலே தும்முகிறவன். அப்படியானால் இது யார்? நீயும் உயரமானவள், இடுப்புவலி உள்ளவள், பூனை வளர்ப்பவள். ஆகையால் இத்தகையோரை நீ அறிந்திருக்கக்கூடும். நம் உறவிலோ சபையிலோ அப்படி ஒருவர் இருந்தால் மறைக்காமல் எழுது.

நானோ தீர்மானித்துவிட்டேன். நாளைக் காலை போய், இரண்டே படுக்கையுள்ள சிறு வண்டிக்குக் கையெழுத்திடப்போகிறேன். அதன் மேசை மேசையாகவே இருக்கும். அழைக்கப்படாத எவரும் அதில் ஐந்து மாதம் படுக்க முடியாது.

உன் வீட்டின்மேலும் உன் அடுப்பின்மேலும் சமாதானம் தங்குவதாக.

இப்படிக்கு,
உன் அண்ணன்
ஆர்வில்

பின்குறிப்பு: மேலே எழுதியவற்றில் ஒன்றையும் பொருட்படுத்தாதே. நேற்றிரவு தபால்தலை தேடி நான் எழுந்துபோன இடைவேளையில் உன் அண்ணி இதைப் படித்துவிட்டாள். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, வெந்நீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

"அஞ்சடி பத்தங்குலம், இடுப்புவலி, பூனை. இதை உங்க தங்கச்சிக்கே எழுதி யாருன்னு கேக்குறீங்களே, மூப்பரே!"

"அவள்தான் இரண்டு முறை மறுத்துவிட்டாளே!" என்றேன்.

"ரெண்டு தடவைதானே?" என்றாள். "அவளை அந்த ஏரிக்கரையில தனியா விட்டுட்டு நான் மட்டும் வெயில் காயணுமா? முதல்ல படுக்கை கெடைக்கட்டும், அப்புறம் மூணாவது தடவை கேட்டுக்கலாம்னு இருந்தேன்."

தங்கையே, காபியை முதல் மறுப்பிலேயே எடுத்துச் சென்றவனைப் பழித்தேன். உன்னை இரண்டாம் மறுப்பிலேயே விட்டுவிட்டேன். என் குற்றம் பெரிது. இன்று காலை மூன்று படுக்கையுள்ள வண்டிக்கே கையெழுத்திட்டேன். தொட்டி நிரம்பிய எடையையும் கோர்டியை எழுதித் தரச் செய்தேன். நம் பிக்கப் இழுக்கும், வாணலி ஒன்றுக்கு மட்டுமே அனுமதி.

ஆகையால் இது மூன்றாவது அழைப்பு. இதற்குமேல் மறுப்பது நம் வழக்கமன்று.

உன் வாசற்படியையும், நீ பூட்டிவிட்டு வரப்போகும் வீட்டையும், மணல் தட்டோடு வரப்போகும் பூனையையும் ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக.