மஹ்ரூப் மச்சானின் மெஷின் இறக்கம் கண்ட விதம்

கப்பல்துறை,
18.09.1976

புல்மோட்டையில் இருக்கும் அன்பு மச்சான் மஹ்ரூப் அவர்களுக்கு, உங்கள் உடன்பிறந்த ராத்தாவின் கணவன் அபூதாஹிர் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இவ்விடம் நானும் உங்கள் ராத்தா பல்கீஸும் இறைவன் கிருபையால் முழு உடம்போடு இருக்கிறோம். முழு உடம்போடு என்பதை நான் வழக்கத்துக்காக எழுதவில்லை. காரணம் கீழே வருகிறது.

மழைக்கு முன் எங்கள் மேட்டுக்காணியை உழுது கச்சான் கடலை போடுவதற்கு நீங்கள் இரவல் தந்த இரண்டு சில்லில் ஓடும் உழவு மெஷின் பற்றியதே இக்கடிதம். அதைக் கொண்டுவந்து விட்ட அன்று நீங்கள் சொன்னவை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கின்றன. இறங்க முன்னமே கியரைக் குறைக்க வேண்டும், நடு இறக்கத்தில் கிளச்சைத் தொடக்கூடாது, சரிவில் பின்னால் பூட்டும் பெட்டியில் ஆள் ஏற்றக்கூடாது. நான்காவதாகவும் ஏதோ சொன்னீர்கள். துறைமுகத்தில் முப்பது வருஷம் லோஞ்சுப் படகு ஓட்டிய கதையை அந்த நேரம் நான் உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபடியால் அது என் காதில் விழவில்லை.

புதன்கிழமை வரை மேல்தட்டை ஒழுங்காகவே உழுதேன். கல்லில் ஏறி மெஷின் துள்ளும்போதெல்லாம் நானும் கூடவே துள்ளினேன், அவ்வளவுதான். வியாழக்கிழமை காலை கலப்பையைக் கழற்றிப் பெட்டியைப் பூட்டி, பொறுக்கிய கல்லை எல்லாம் அதில் ஏற்றி, வீட்டுக்கு இறங்க ஆயத்தமானேன். பல்கீஸ், "நான் நடந்து வாறன்" என்றா. "முப்பது வருஷம் கடல்ல ஓட்டினவனுக்கு இந்த மண்மேடு ஒரு மேடா? ராணி மாதிரி ஏறி இரு" என்றேன். கல்லுக்கு மேலே சாக்கை விரித்து என் முதுகுக்குப் பின்னால் ராணி ஏறி இருந்தா. கியரைக் குறைக்க மறந்துவிட்டேன்.

பாதி இறக்கத்தில் பாதை இடப்பக்கம் திரும்புகிறது. திரும்பாவிட்டால் எங்கள் பக்கத்துக் காணிக்காரர் பாக்கியரத்தினம் மாஸ்டரின் சுற்றுக்கட்டு இல்லாத கிணறு. நான் இடக்கைப் பிடியை அமத்தினேன். மெஷின் வலப்பக்கம் போனது. இன்னும் இறுக்கி அமத்தினேன், இன்னும் வலப்பக்கம் போனது. என் வாழ்நாளில் எந்தச் சுக்கானும் எனக்கு இப்படி எதிர்த்துப் பேசியதில்லை. பயத்தில் கிளச்சைப் பிடித்தேன், அவ்வளவுதான், பின்னால் இருந்த கல்லும் பல்கீஸும் சேர்ந்து தள்ள, வேலி ஒரு சத்தத்தோடு விலகி வழிவிட, முகமெல்லாம் சவர்க்காரம் பூசிக்கொண்டு கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்த மாஸ்டர் கண்ணைத் திறக்க ஏலாமல் நின்று கத்தினார்.

"ஆரது?"

"நான் அபூதாஹிர்! விலகுங்க மாஸ்டர்!"

"எந்தப் பக்கம் விலக?"

"எனக்கே தெரியா, மாஸ்டர்!"

அப்போதுதான் என் தோளுக்கு மேலால் ஒரு கை வந்தது. "விடுங்க இடதை! கிளச்சையும் விடுங்க!" என்று காதுக்குள் ஒரு சத்தம். உங்கள் ராத்தா வலப்பக்கப் பிடியை அமத்தினா. மெஷின் அடக்கமாக இடப்பக்கம் திரும்பி, கிணற்றை நான்கு முழம் தள்ளி, மாஸ்டரின் வாழைக்குள் புகுந்து, இருமி நின்றது.

பல்கீஸின் விரல்கள் இன்னும் பிடியிலேயே இறுகி இருந்தன. நான்தான் ஒவ்வொன்றாக விரித்தேன். இவ ஒரு நொடி பிந்தியிருந்தால் இந்தக் கடிதத்தை எழுத நான் இருந்திருக்கமாட்டேன், மச்சான்.

"உனக்கு எப்பிடித் தெரியும்?" என்றேன்.

"இறக்கத்தில இடதைப் பிடிச்சா வலதுக்குப் போகும், பிடிச்ச பக்கத்துச் சில்லு சும்மா உருளுமெண்டு தம்பி நாலாவதாச் சொன்னவன். நான் கேட்டுக்கொண்டு நிண்டனான். நீங்க லோஞ்சுக் கதை சொல்லிக்கொண்டு நிண்டீங்க."

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்த மாஸ்டர் முறிந்த வேலியைப் பார்த்தார், சரிந்த வாழையைப் பார்த்தார், எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு ஈரத் துண்டோடு நிலத்தில் குந்தி இருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எங்களுக்கும் சிரிப்பு அடங்கவில்லை. விழுந்த வாழைக்குலையை அவரே பெட்டியில் ஏற்றி அனுப்பினார்.

மெஷினுக்கு விளக்கு உடைந்ததைத் தவிர வேறு சேதம் இல்லை. ஆனாலும் மிச்சச் சரிவை மண்வெட்டியால் கொத்துவதாக முடிவு செய்துவிட்டேன். உங்கள் ராத்தா மிகவும் பயந்துபோய் இருக்கிறா. இனி மெஷினின் பக்கமே போகமாட்டா. ஆகவே வரும் வெள்ளி ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் கட்டாயம் வந்து அதை எடுத்துச் செல்லுங்கள். உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளையும், மெஷினை இரவல் கேட்காத உறவினர்களையும் தருவானாக.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்
அபூதாஹிர்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் பசை தேடி முற்றத்துக்குப் போனேன், மெஷினைக் காணவில்லை. மேலே சத்தம் கேட்டது. பல்கீஸ் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சரிவின் குறுக்கே நூல் பிடித்தது போல் உழுதுகொண்டிருக்கிறா. வேலிக்கு அந்தப் பக்கம் மாஸ்டர், அடுத்தது தன்னுடைய காணி என்று வரிசையில் நிற்கிறார். "தம்பிக்கு எழுதிட்டீங்களா? கச்சான் புடுங்கின பிறகு வந்தாப் போதுமெண்டு எழுதுங்க!" என்று மேலிருந்து உத்தரவு. எனவே வெள்ளிக்கிழமை வரவேண்டாம். இதற்கு மேல் எழுத நேரமில்லை; கை காட்டிக் கூப்பிடுகிறா, கல்லுப் பொறுக்க.