லோவெலின் தோளும் என் காதும்

ஹாக் க்ரீக், மொன்டானா
அக்டோபர், செவ்வாய்க்கிழமை

அன்புத் தம்பி மெரிட்டுக்கு,

அக்கா ஐடெல்லா எழுதுவது. நீயும் கொரினும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் கோழிகளும் நலம். நாய் டில்லி ஓரளவு நலம், அதன் காரணம் கீழே வரும். உன் அத்தான் லோவெல் நலமா என்று அவரையே கேட்டால் "ம்" என்கிறார். அந்த "ம்"முக்கு என்ன பொருள் என்று விளங்கிக்கொள்ளத்தான் இரண்டு வாரமாகப் பாடுபடுகிறேன்.

ஈஸ்டர் விருந்தில் லோவெலுக்கு நீ அந்தப் பரிசைக் கொடுத்தபோது என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய், நினைவிருக்கிறதா? "ஏன்க்கா, இது வெறும் ஓட்டை போட்ட இரும்புத் துண்டு. துப்பாக்கிக் குழல் முனையில இதைத் திருகிட்டா தோள்ல விழுற உதை எப்படிக்கா குறையும்? கடைக்காரன் சொன்னான், வாங்கிட்டு வந்துட்டேன்" என்றாய். அப்போது என் வாய் நிறையப் பன்றி இறைச்சி. பதில் சொல்வதற்குள் நீ இரண்டாம் முறை பரிமாறிக்கொள்ளப் போய்விட்டாய். என்னிடம் வகுப்பில் படித்தபோதும் நீ அப்படித்தான். இப்போது பதில் சொல்கிறேன், உட்கார்ந்து படி.

உறைந்த குளத்தின்மேல் நீ நிற்பதாக வைத்துக்கொள். கையில் ஒரு மூட்டை உருளைக்கிழங்கு. அதை முன்னால் வீசினால் நீ பின்னால் சறுக்குவாய். உதை என்பது அவ்வளவுதான். மூட்டையோடு ஒரு வாளித் தண்ணீரையும் சேர்த்து முன்னால் வீசினால் இன்னும் அதிகம் சறுக்குவாய். மூட்டைதான் குண்டு. எரிந்த வெடிமருந்திலிருந்து குண்டின் பின்னாலேயே சீறி வரும் காற்றுதான் தண்ணீர். நீ வாங்கி வந்த இரும்புத் துண்டின், அதாவது பிரேக்கின், துளைகள் அந்தத் தண்ணீரைப் பக்கவாட்டிலும் கொஞ்சம் பின்பக்கமாகவும் திருப்பிவிடுகின்றன. மூட்டை போகிற வழியில் போகிறது, நீயோ பாதிதான் சறுக்குகிறாய். ஆனால் தம்பி, வாளித் தண்ணீர் எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்? பக்கத்தில் நிற்பவர் நனைகிறார். இந்தக் கடிதம் முழுக்கப் பக்கத்தில் நின்று நனைந்தவர்களைப் பற்றியது. நன்றாகப் படித்துக்கொள், ஏனென்றால் இதன் முடிவில் நான் சொல்லப்போவது, இந்த ஆண்டு எல்க் மான் வேட்டை முகாமுக்கு நாங்கள் வரவில்லை என்பதுதான்.

அந்தச் சனிக்கிழமையிலிருந்து தொடங்குகிறேன். வேட்டைப் பருவம் தொடங்குமுன் ஊரே சுடுதளத்துக்குப் போய்த் துப்பாக்கியைச் சரிபார்க்கும் நாள் அது. சுடுதளத்தைப் பார்த்துக்கொள்கிற டெல்மர் வழக்கம்போலப் பான்கேக் கல்லைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். முந்திய நாள் பெய்த பனி தகரக் கூரைமேல் கிடந்தது. உன் அத்தான் என்றைக்கும் உட்காரும் நடு மேசையில் போய் உட்கார்ந்தார். பத்து மாதத்துக்கு முன் தோளில் கத்தி வைத்த பிறகு முதல் முறையாக அந்தப் பெரிய ரைஃபிளை எடுக்கிறார், மருத்துவர் சரி என்று சொல்லியாயிற்று. பிரேக் வேண்டாம், பழையபடியே சுடுகிறேன் என்றார். சுட்டார். ஒன்று மேலே, ஒன்று கீழே, ஒன்றைக் காணவே இல்லை. டெல்மர் உதவுவதாக நினைத்துக்கொண்டு அடுத்த முறை அவருக்குத் தெரியாமல் வெற்றுத் தோட்டா ஒன்றைப் போட்டுக் கொடுத்துவிட்டார். லோவெல் விசையை அழுத்தினார். 'டிக்' என்ற ஒலி மட்டும் வந்தது. வெடிக்காத அந்தத் துப்பாக்கியின் முனை, தானியம் கொத்தும் கோழியைப் போலக் கீழே ஒரு குத்துக் குத்தியது. தோளைச் சுருக்கி, கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் உன் அத்தான்.

"லோவெல், மான் செத்துப்போச்சா, கண்ணத் தொறக்கலாமா?" என்றார் டெல்மர். எல்லாரும் சிரித்தார்கள். லோவெலும் சிரித்தார். அவர் காது மடல் சிவந்திருந்ததை நான் மட்டும் பார்த்தேன்.

அது கோழைத்தனம் இல்லை, மெரிட். வலித்த இடத்தை உடம்பு மறப்பதில்லை. வலி வருமுன்னே அது தன்னைச் சுருக்கிக்கொள்கிறது. வகுப்பில் ஒருமுறை பந்து முகத்தில் பட்ட பிள்ளை, அடுத்த ஆண்டும் பந்தைக் கண்டால் கண்ணை மூடும். அதனால்தான் பையிலிருந்து உன் பரிசை எடுத்து நானே திருகினேன். லோவெல் முணுமுணுத்துக்கொண்டே சுட்டார்.

அதன் பிறகு நடந்ததை ஒழுங்காக எழுத என்னால் முடியவில்லை. இடி விழுந்ததென்றே நினைத்தேன், கூரைத் தகரம் மொத்தமும் அதிர்ந்தது, அதன்மேல் கிடந்த பனி முழுவதும் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் கழுத்துக்குள் இறங்கியது, பாதி பான்கேக் கல்லில் விழுந்து அடுப்பு அணைந்து புகை எழும்பியது, பக்கத்து மேசைக்காரரின் தொப்பி பறந்து எங்கேயோ போனது, டில்லி வண்டியின் சன்னல் வழியாகக் குதித்து ஓடியதை மறுநாள்தான் பக்கத்துப் பண்ணையில் ஒரு டிராக்டருக்கு அடியிலிருந்து இழுத்து வந்தோம், இன்றைக்கும் நான் துடைப்பத்தைக் கையிலெடுத்தால் அது அறையை விட்டு வெளியே போய்விடுகிறது. இத்தனைக்கும் நடுவில் உன் அத்தான் மட்டும் பனி மூடிய தலையோடு திரும்பி, சின்னப் பையனைப் போல் முகம் மலர்ந்து, "ஐடா! உதைக்கவே இல்லடி! குண்டு பட்ட இடத்தக்கூட கண்ணாடி வழியாப் பாத்தேன்!" என்றார். பத்து மாதம் கழித்து அந்த முகத்தைப் பார்த்தேன். தொப்பி இழந்தவரிடம் பிறகு மன்னிப்புக் கேட்டேன், ஆனால் மனதார அல்ல.

இன்னும் சில முறை சுட்டார். துளைகள் எல்லாம் ஒரு காப்பிக் கோப்பையால் மூடிவிடலாம் போல நெருக்கமாக விழுந்தன. ஆனால் நடுப்புள்ளியிலிருந்து ஒரு சாண் தள்ளி, இடப்பக்கம் கீழே. உடனே அவர் முகம் வாடியது. "பாத்தியா, இன்னும் தப்புதான். வயசாயிடுச்சு எனக்கு."

"அடக் கடவுளே," என்றேன். "எல்லாம் ஒரே இடத்துல விழுந்திருக்கு, இது தப்பா? குழல் முனையில புதுசா ஒரு எடை ஏத்தியிருக்கோம். குழல் அதிர்ற விதமே மாறிப்போச்சு. துப்பாக்கித் தொலைநோக்கியோட குமிழத் திருகிச் சரிபண்ணு. தப்பு உன்கிட்ட இல்ல, குமிழ்ல இருக்கு."

பிரேக் குண்டை நேராக்குவதில்லை, தம்பி. சுடுகிறவனை நேராக்குகிறது. குமிழைத் திருகியதும் புள்ளியின் நடுவில் போய்க் குத்தியது. டெல்மர் வந்து தோளைத் தட்டினார். "அருமை லோவெல். இப்ப உன் பீரங்கிய எடுத்துக்கிட்டு அந்தக் கடைசி மேசைக்குப் போயிடு. பிரேக் போட்டவனுக்கு அதுதான் இடம். நீ இருக்குறவரைக்கும் இங்க ஒருத்தனும் கண்ண மூடாமச் சுடப்போறதில்ல." பழைய டயர்களை அடுக்கி நடுவில் ஒரு சுவரும் எழுப்பிவிட்டார். இத்தனை ஆண்டு உட்கார்ந்த நடு மேசையை விட்டு உன் அத்தான் சிரித்துக்கொண்டேதான் போனார்.

இத்தோடு நின்றிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. அடுத்த வாரம் மலையில் செய்வதுபோலவே பழகிப் பார்ப்போம் என்று மேய்ச்சல் நிலத்துக்குப் போனோம். எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும். அவர் தரையில் படுத்துக் குறிவைப்பார், நான் அவருடைய வலது முழங்கையை ஒட்டிப் படுத்துத் தொலைநோக்கியில் பார்த்து, "இன்னும் கொஞ்சம் பொறு, திரும்புது, இப்ப" என்று காதோடு சொல்வேன். கல்யாணமான முதல் இலையுதிர் காலத்திலிருந்து இப்படித்தான். மலையில் காதில் எதையும் மாட்டுவதில்லை என்பதும் எங்கள் வழக்கம், சுள்ளி முறிவது கேட்க வேண்டும் இல்லையா? அன்றும் மாட்டவில்லை. சுடுதளத்தில் அத்தனையும் கண்ணால் பார்த்துவிட்டு, உருளைக்கிழங்கு, வாளி என்றெல்லாம் பாடம் நடத்துகிற நானே, வாளித் தண்ணீர் தெறிக்கிற இடத்தில் போய்க் காதைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்தேன்.

மண்ணும் காய்ந்த புல்லும் முகத்தில் அறைந்தன. இடது காதில் பள்ளி மணி ஒன்று அடிக்கத் தொடங்கி, நிற்கவே இல்லை. லோவெல் என் முகத்தைத் துடைத்தபடி ஏதோ சொன்னார், வாய் அசைவது மட்டும் தெரிந்தது. மறுநாள் மாலைதான் மணி நின்றது. காது டாக்டர் சோதித்துவிட்டு, "இந்தத் தடவை தப்பிச்சீங்க. சத்தம் பெருசாகல, உங்க பக்கம் திரும்பியிருக்கு. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாப் போகும், போனது திரும்பாது" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் உன் அத்தான் பிரேக்கைக் கழற்றிச் சமையலறை இழுப்பறையில் கரண்டிகளோடு போட்டார். "இந்த வருஷம் முகாமுக்குப் போகல" என்றார். தோளுக்குப் பயப்படுகிறார் என்று நினைத்து நான் கத்தினேன்.

"பிரேக் இருந்தா உதை இல்லன்னு நீயே சொன்னியே! அப்புறம் என்ன?"

"ம்."

"என் காதுக்காக நான் உன் பின்னால தள்ளி உக்காந்துக்கறேன்."

"அங்கேர்ந்து நீ சொல்றது எனக்கு எப்படிக் கேக்கும்?"

"சரி, நான் வரல. மெரிட்டக் கூட்டிட்டுப் போ."

"மெரிட் பக்கத்துல படுத்தா குறட்டை விடுவான்."

"காதுக் கவசம் மாட்டிக்கறேன்."

"மலையில அத மாட்டிக்கிட்டு, விமான நிலையத்துல கொடி காட்டுறவன் மாதிரியா? வேண்டாம் ஐடா. விடு."

நானும் விட்டேன். ஆகவே தம்பி, இந்த ஆண்டு நாங்கள் இல்லை. எங்கள் கூடாரத்தை வேறு யாருக்காவது கொடு. உன் பரிசைத் திருப்பி அனுப்புகிறேன், கோபித்துக்கொள்ளாதே. நல்ல பொருள்தான், எங்களுக்குத்தான் தோளும் காதும் ஆளுக்கொன்றாகப் போய்விட்டன.

கொரினுக்கு என் அன்பு. அவள் அனுப்பிய ஆப்பிள் ஜாம் தீர்ந்தது. பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். மலை உன்னிடம் கனிவாக இருக்கட்டும், காற்று உன் முகத்துக்கு எதிரே வீசட்டும், உன் முழங்காலை நனையாமல் வைத்துக்கொள்.

என்றும் உன் அன்பு அக்கா,
ஐடெல்லா

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் நம்பாதே. கடிதத்தை உறையிலிட்டு வைத்திருந்தபோது, தீவனக் கடையிலிருந்து இரண்டு காதுக் கவசங்கள் வந்து சேர்ந்தன. அவருக்குச் சொல்லாமல் நான் வரவழைத்தவை. புதுமாதிரி, பெரிய சத்தத்தை அடைத்துவிடும், சின்னச் சத்தத்தைப் பெரிதாக்கிக் காட்டும். வேலை செய்கிறதா பார்ப்போம் என்று சன்னல் ஓரத்தில் மாட்டிக்கொண்டு நின்றேன். முதலில் கோழிகள் கீறுவது கேட்டது. அப்புறம் கொட்டகைக்குள் லோவெல் குரல். அவர் டில்லியோடு பேசிக்கொண்டிருந்தார்.

"உனக்கென்ன, நீ ஓடிப் பொழச்சிட்ட. அவ ஓட மாட்டாளே. என் பக்கத்துலயேதான் படுப்பா. தோள் போனா இடக்கையால சாப்பிட்டுக்குவேன். அவ காது போச்சுன்னா, நான் யார்கிட்டடா பேசுறது?"

நான் கொட்டகைக்குப் போனேன். இன்னொரு கவசத்தை அவர் தலையில் மாட்டினேன். முகத்தைப் பார்த்தே எவ்வளவு கேட்டிருக்கிறேன் என்று தெரிந்துகொண்டார். கவசத்தைக் கழற்றவில்லை. கொட்டகை வாசல்வரை பின்னோக்கி நடந்துபோய், "பொறு, திரும்புது, இப்ப" என்று உதட்டுக்குள்ளேயே சொன்னேன். "கேக்குது" என்றார்.

ஆகவே கூடாரத்தை யாருக்கும் கொடுக்காதே, வெள்ளிக்கிழமை வருகிறோம். பிரேக்கைத் திருப்பி அனுப்பவில்லை, மறுபடி குழலில்தான் இருக்கிறது. முழங்கையை ஒட்டி அல்ல, அவர் இடுப்புக்குப் பின்னால் தள்ளிப் படுப்பேன், அங்கிருந்து கிசுகிசுத்தாலும் அவருக்குக் கேட்கும். எங்கள் பக்கத்தில் படுக்க நினைப்பவர்கள் சொந்தமாகக் காதுக் கவசம் கொண்டுவரட்டும்.

போன பருவத்தில் நீ தவறவிட்ட எல்க்குக்குக் காற்றைக் குறை சொன்னாய். நாளைக் காலை இதைச் செய்: ரைஃபிளில் தோட்டா இல்லை என்று நீ ஒருமுறை பார், கொரின் ஒருமுறை பார்க்கட்டும். வெளியே மண்மேட்டைப் பார்த்தபடி படுத்துக் குறிவை, குழல்மேல் அவளை ஒரு காசு வைக்கச் சொல், விசையை மெல்ல அழுத்து, காசு விழுகிறதா என்று பார்; விழுந்தால் லோவெலைப் போல நீயும் தோளைச் சுருக்குகிறாய், காற்றின்மேல் குற்றமில்லை.